பாழிடமும் பட்டாவும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பட்டியலிடுவது வழக்கம். நாம் இன்று ஒரு பாழிடத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். நம் காலனியின் வடபுறத்தில், கூரை சரிந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பழைய இரவுப் பள்ளியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன் திண்ணையிலேதான் இச்சங்கம் பிறந்தது. அதைச் சீர்ப்படுத்திப் படிப்பகம் அமைக்க இளைஞர்கள் முன்வந்துள்ளனர். மகிழ்ச்சி. அதற்குமுன் கோலார் தங்கவயலின் கதையைச் சற்றே கேட்க வேண்டுகிறோம். அது அயலார் கதையன்று. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடிச் சென்ற ஊர் அது. நம் தந்தையாரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவரே.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே தொழில் தொடங்கினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. பாறை வெடிக்கும் ஆபத்திலும், நுரையீரலைத் தின்னும் தூசியிலும் நின்று நம்மவர் உழைத்தனர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் வெளியேறிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிறைந்தது. மேலே மிஞ்சியவை சயனைடு மேடுகள். காற்றடிக்கும் காலத்தில் அம்மண் வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் சென்றனர்.

அவ்வூரார் கைகட்டி நிற்கவில்லை. தொழிலாளரே கூடிச் சுரங்கத்தை நடத்துவோம் என்று சங்கத்தார் முன்வந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் கடந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கே வழிவிட்டது. தாம் குடியிருந்த வீடுகளின் உரிமைக்கும் அவர்கள் போராட நேர்ந்தது. 2024 ஜூன் மாதத்தில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த 13 மேடுகளை ஏலத்தில் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. குப்பையென்று கிடந்த மண்ணிலும் பொன் இருக்கிறது. அதைத் தோண்டிக் குவித்தவனுக்கு அதில் பாத்தியதை எவ்வளவு என்பதே கேள்வி.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதிப் பாருங்கள். அதே வயலில், அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னரும், சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அவர்தம் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. கூலிக்காரர் தம் காசில் வளர்த்த அறிவு அது. சுரங்கம் மூடியபோது அது மூடப்படவில்லை. இன்றும் ஆய்வாளர்கள் அந்நூல்களைத் தேடிப் படிக்கின்றனர். நம் தந்தையார் கைநாட்டை விட்டுக் கையெழுத்திடக் கற்றதும் அவ்வயலின் இரவு வகுப்பொன்றிலேதான். அவர் ஊருக்குக் கொணர்ந்த செல்வம் அதுவே.

ஆகவே, பாழிடத்தைப் புதுக்கப் புகுவோர் மண்வெட்டியை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நிலம் யார் பெயரில் உள்ளது? புதுக்கிய பின் பயன் யாருக்கு? அதனைக் காக்கும் செலவு எங்கிருந்து வரும்?

முதற் கேள்வியில் நாமே தவறினோம் என்பதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம். நாம் சங்கச் செயலாளராயிருந்த ஆண்டுகளில் அவ்விடத்துக்கு ஒரு வெள்ளைச் சுவரெழுப்பி மகிழ்ந்தோம். புல எண்ணைப் பார்க்கவில்லை. நம்முடையதுதானே என்ற நம்பிக்கை நம்மைத் தூங்கவைத்தது. 1892இல் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனையோ குடும்பங்களின் கைவிட்டுப் போன வரலாற்றை வகுப்பில் பாடமாகச் சொன்ன நாமே, நம் திண்ணைக்குரிய காகிதத்தைத் தேடாமலிருந்தோம். இப்போது அவ்விடத்தைக் கிடங்குக்குக் குத்தகைக்கு விடலாம், மாதந்தோறும் பணம் வரும் என்று சிலர் சொல்கின்றனர். அவர்களும் நம்மவரே, வறுமை அப்படிப் பேசவைக்கிறது. அவர்களை ஏசுவதால் பயனில்லை. படிப்பகத்துக்கு மாதச் செலவு இவ்வளவு, வரவு இவ்வழியில் என்று கணக்கெழுதிக் காட்டினால் அவர்களும் உடன்வருவர்.

இளைஞர்களே! உங்களில் பட்டதாரிகள் பலர். இருவர் வட்டாட்சியர் அலுவலகம் சென்று, அ-பதிவேட்டில் அவ்விடம் நத்தமா, புறம்போக்கா, தனியார் பட்டாவா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். இருவர் மூத்த உறுப்பினர்களிடமுள்ள பழைய இரசீதுகளையும் தீர்மானப் புத்தகங்களையும் திரட்டுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏனையோர் கடப்பாரையும் அரிவாளும் கொண்டு வாருங்கள், நாமும் வருகிறோம். கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு பறிக்க வேண்டும். ஆனால் உரிமை உறுதியாகும்வரை ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம்.

பிறர் நிலத்தில் நம்மவர் சிந்திய வியர்வை போதும். அடுத்த விழாவை அத்திண்ணையில், நம் பெயரிலுள்ள மண்ணில் கொண்டாடுவோம்.