முகப்புப் பக்கம் காட்டாத படங்கள்



"ஓடிடியில் பார்க்க உருப்படியாக நாலு சொல்லுங்கள்" என்று இளைஞர்கள் கேட்டதால்தான் இந்தப் பேச்சு. சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. நெட்ஃபிளிக்ஸைத் திறந்தாலும் பிரைமைத் திறந்தாலும், முகப்பில் வருவது நாம் ஏற்கெனவே பார்த்ததைப் போன்ற இன்னொன்றுதான். ஒரு கொலைக்கதை பார்த்தால் அடுத்து பத்து கொலைக்கதை வரும். சாதியைப் பற்றிய ஆவணப்படம் தானாக வந்து கதவைத் தட்டாது. பெயர் தெரிந்துகொண்டு நாம்தான் தேடிப் போக வேண்டும். எனவே பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டாமல் யூடியூபில் பார்க்கக் கூடிய இரண்டிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, ஸ்டாலின் கே. இயக்கிய 'இந்தியா அன்டச்ட்', 2007. நான்கு ஆண்டுகள், எட்டு மாநிலங்கள் சுற்றி எடுத்த படம். "இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்குறாங்க?" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்பார் அல்லவா, அவருக்கு இந்த ஒரு படம் போதும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் என்று நான்கு மதங்களுக்குள்ளும் தீண்டாமை எப்படிக் குடியிருக்கிறது என்று காட்டுகிறது. மதம் மாறினால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்களும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, திவ்யா பாரதியின் 'கக்கூஸ்', 2017. நம் ஊர்ப் படம். திரையிட விடாமல் பல இடங்களில் தடுத்தார்கள். யூடியூப் வழியாக அது மக்களிடம் போனது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டிய நிலை வருகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? இந்தப் படத்தில் நிபுணர் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். வேலை செய்கிறவர்களே பேசுகிறார்கள். பார்ப்பது கடினம். சாப்பிடும்போது போடாதீர்கள் என்பார்கள். அந்த வேலையைச் செய்துவிட்டு வந்து அதே கையால் சாப்பிடுகிறவர்களின் படம் அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய்பீம் காம்ரேட்'. சூர்யா நடித்த 'ஜெய்பீம்' வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தார்கள். அதைக் கண்டு கொதித்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. 10 பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அங்கே தொடங்கி 14 ஆண்டுகள் எடுத்த படம் இது. சுமார் மூன்று மணி நேரம் ஓடும். இரண்டு இரவாகப் பிரித்துப் பாருங்கள். அதில் வரும் பாடல்களைக் கேட்ட பிறகு, கலை எதற்கு என்று யாரும் உங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்காது.

இனி தொடர்களுக்கு வருவோம். எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நம் ஆள் எதற்காக வருகிறார்? அடிபட்டுச் சாவதற்கா, முடிவெடுப்பதற்கா?

'மேட் இன் ஹெவன்' தொடரின் இரண்டாம் பருவம், ஐந்தாம் பகுதி. 2023இல் பிரைமில் வந்தது. இயக்கியவர் நீரஜ் கெய்வான். ராதிகா ஆப்தே நடித்திருக்கும் பல்லவி, படித்த, எழுதுகிற தலித் பெண். தன் திருமணத்தில் பௌத்தச் சடங்கும் வேண்டும் என்று கேட்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், முற்போக்கானவர்கள்தான்; ஆனால் அங்கேதான் நெளிகிறார்கள். அவள் விடவில்லை. அம்பேத்கர் படத்தின் முன் ஒரு கல்யாணம், அழுகை இல்லாமல், தலைநிமிர்ந்து. அந்தக் காட்சிக்காகவே பாருங்கள். இதிலும் ஒரு சர்ச்சை உண்டு. இது தன் வாழ்க்கையிலிருந்தும் உழைப்பிலிருந்தும் எடுக்கப்பட்டது, உரிய அங்கீகாரம் தரவில்லை என்று எழுத்தாளர் யாஷிகா தத் கேட்டார். தயாரித்தவர்கள் மறுத்தார்கள். கதை யாருடையது, பெயர் யாருக்குப் போகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே பாருங்கள்.

அடுத்தது பரிந்துரை இல்லை, பயிற்சி. நெட்ஃபிளிக்ஸில் 'இந்தியன் மேட்ச்மேக்கிங்', 2020. ஒரு பகுதி போதும். சாதி என்று பெரும்பாலும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். நல்ல குடும்பம், நம்மைப் போன்றவர்கள், ஒத்த பின்னணி, இப்படித்தான் பேச்சு போகும். ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதுங்கள். பிறகு உங்கள் தெருவில் நடக்கும் பெண் பார்க்கும் பேச்சை அதோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக வெளிநாட்டுப் படம் ஒன்று. ஏவா டூவர்னே இயக்கிய '13த்', 2016, நெட்ஃபிளிக்ஸ். அமெரிக்காவில் 1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் விதிவிலக்கு வைத்தது. அந்த ஓட்டை வழியாகக் கறுப்பின மக்கள் எப்படிச் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள் என்பதே படம். சட்டம் ஒழித்ததைச் சமூகம் வேறு பெயரில் காப்பாற்றும் என்பது நமக்குப் புதிதா? அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதே! இதே இயக்குநர் 2023இல் எடுத்த 'ஆரிஜின்' படத்தில் அம்பேத்கர் வருகிறார். அங்கே உள்ளவர்கள் பாபாசாகேப்பைத் தேடி வருகிறார்கள். நாம் அவர்கள் கதையைத் தேடிப் போவோம்.

ஒரு வேண்டுகோள். இவற்றைத் தனியாக, காதில் கருவி மாட்டிக்கொண்டு பார்த்து முடித்துவிடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைச் சுவர், ஒரு புரொஜெக்டர் போதும். அம்மாக்களையும் பாட்டிகளையும் கூப்பிடுங்கள். 'கக்கூஸ்' போடுகிற அன்று உங்கள் பகுதித் தூய்மைப் பணியாளர்களை அழையுங்கள்; படம் முடிந்ததும் முதலில் அவர்கள் பேசட்டும். நம் தெருச் சாக்கடையில் யார் இறங்குகிறார், எந்த ஒப்பந்ததாரர் அனுப்புகிறார், கையுறையாவது கொடுக்கிறாரா என்று அன்றைக்கே கேட்டு எழுதுங்கள். மறுநாள் அந்தத் தாள் மனுவாக நகராட்சி அலுவலகத்துக்குப் போகட்டும்.