நிற்கும் இரும்புக்கு 'வேகம்' என்று பெயர்
(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பூங்காவில் இரும்புச் சிற்பம் வைக்கும் யோசனை சென்ற கூட்டத்தில் வந்தபோது, "பார்த்தால் என்னவென்றே புரியாதே" என்று எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அலெக்சாண்டர் கால்டர் 1898-இல் பிறந்த அமெரிக்கச் சிற்பி. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அவர் செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931-இல் 'மொபைல்' என்று பெயர் வைத்தவர் மார்செல் டுஷாம்ப். நம் கைப்பேசிக்கு அந்தப் பெயர் வர வெகுகாலம் முன்பு! அடுத்த ஆண்டு இன்னொரு கலைஞரான ழான் ஆர்ப், அப்படியானால் அசையாதவை 'ஸ்டேபீல்'களா என்று வேடிக்கையாகக் கேட்டார். அந்த வேடிக்கையே பெயராக நிலைத்தது. நிலையாக நிற்பது என்பதுதான் பொருள். ஸ்டேபீல் அசையாது, நாம்தான் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் வடிவம் மாறும்.

1969-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், நகராட்சி அலுவலகத்தின் முன் கால்டரின் சிவப்பு ஸ்டேபீல் ஒன்றை நிறுத்தினார்கள். உயரம் 43 அடி, எடை 42 டன். அதன் பெயர் 'லா கிராந்த் வித்தெஸ்'. பிரெஞ்சில் 'பெரும் வேகம்'. அசையாத இரும்புக்கு இப்படி ஒரு பெயரா? அந்த ஊர்ப்பெயரே ஆற்றின் வேகமான நீரோட்டத்தால் வந்ததுதான். அணைகள் கட்டி, மரக்கட்டைகளை மிதக்கவிட வழிசெய்ததில் அந்த ஓட்டம் எப்போதோ அடங்கிவிட்டது. ஊர் இழந்த வேகம் இந்தச் சிற்பத்தின் பெயரில் இருக்கிறது.

அங்கும் பலர் எதிர்த்தார்கள். ஆனால் 1970-இல் அதைச் சுற்றிக் கலைவிழா தொடங்கியது. பிறகு அதன் வடிவமே நகரின் சின்னமாகி, குப்பை வண்டி வரை ஏறியது. புரிந்ததால் அல்ல, அந்த இடத்தில் மக்கள் கூடிப் பழகியதால்.

எனவே வாக்களிக்கும் முன் மூன்று கேள்விகள். சுற்றி நடக்க இடம் இருக்குமா? குழந்தைகளுக்குக் கூர்முனை படாதா? துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்கும் செலவு பராமரிப்பு நிதியில் சேருமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் என் வாக்கு இம்முறை ஆதரவாக. 'புரியவில்லை' என்பதற்காக மட்டும் மறுக்க மாட்டேன்.