சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கும் புகார்கள்

(மதுரையில் நடந்த தோழர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுறவன். சோத்துக்கு வங்கியில் கிளார்க். இன்னைக்குக் கவிதை வாசிக்கப் போறதில்லை, கணக்குப் பேசப் போறேன்.

வங்கியில் சாயங்காலம் பத்து ரூபாய் இடிச்சாலும் வீட்டுக்குப் போக முடியாது. எந்தக் கணக்கில் சேருமென்று தெரியாத தொகையை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் போட்டு வைப்போம். அங்கேயும் ரொம்ப நாள் கிடக்கவிட முடியாது. ஆடிட்டர் வந்து ‘இந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டது யாரு?’ என்பார். விளையாட்டுச் சங்கங்களில் பெண்பிள்ளைகள் கொடுக்கும் புகார்களும் சஸ்பென்ஸில்தான் கிடக்கின்றன. கேட்க ஆடிட்டர்தான் இல்லை.

ஒரு பழைய கணக்கை எடுப்போம். 1990 ஆகஸ்ட் 12, ஹரியானாவில் பஞ்ச்குலா. ருச்சிகா, டென்னிஸ் ஆடும் 14 வயதுப் பிள்ளை. மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர் போலீஸ் ஐ.ஜி.யும் கூட. அவளிடம் அத்துமீறினார். விசாரித்த அப்போதைய டி.ஜி.பி. அடுத்த மாதமே ‘வழக்குப் பதியலாம்’ என்று அறிக்கை கொடுத்துவிட்டார். பதியவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் நீக்கியது. உடன்பிறந்தவன் மேல் கார் திருட்டு வழக்குகள் பாய்ந்தன. 1993 டிசம்பரில் ருச்சிகா தற்கொலை செய்துகொண்டாள். எஃப்.ஐ.ஆர். எப்போ? உயர்நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த பிறகு, 1999 டிசம்பரில். அதற்குள் ராத்தோர் டி.ஜி.பி. ஆகிவிட்டார். 2009ல் 6 மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மேல்முறையீட்டில் அது ஒன்றரை வருடமானது. 2016ல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்து, சிறையில் இருந்த நாட்களே போதுமென்றது.

தண்டனை அவருக்கு. ஒன்பது வருசம் அந்த அறிக்கை தூங்கிய மேசைகளுக்கு?

2023க்கு வாங்க. மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார். ஒலிம்பிக் மெடல் வாங்கிய சாக்ஷி மாலிக்கும், வினேஷ் போகட்டும் தில்லி ஜந்தர் மந்தர் தெருவில் உட்கார்ந்தார்கள். ஜனவரியில் அரசு குழு போட்டது. அறிக்கையை வெளியிடவில்லை. ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். சிறுமி தொடர்பான போக்சோ வழக்கு 2025ல் முடித்துவைக்கப்பட்டது. மற்றப் பெண்களின் வழக்கில் 2024 மே மாதம் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தது. அவர் மறுக்கிறார். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். புகாரை வாங்கிக்கொள்ளவே ஏன் தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்பதுதான் என் கேள்வி.

மெடல்காரர்களுக்கே இந்தக் கதி. நம்ம பிள்ளைகளுக்கு?

என் அக்கா மகள் அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து முதல் பஸ் பிடித்து மதுரைக்கு ஓடப் போகிறாள். அந்த ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு போலீஸ் வேலை, ஒரு ரயில்வே வேலை. அதுக்கு சர்ட்டிபிகேட் வேணும். சர்ட்டிபிகேட்டுக்குச் சங்கத்துக் கையெழுத்து வேணும். அக்கா தினமும் சொல்லி அனுப்புது: ‘மாஸ்டர் மனசு கோணாம நடந்துக்க தாயி.’ அந்த மாஸ்டர் நல்ல மனுசன். ஆனால் இந்தச் சொல்லில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கு. தப்பாகத் தொடுகிற கையும் கையெழுத்துப் போடுகிற கையும் ஒன்றாயிருந்தால் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்? 2021ல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானார். ஒரு பிள்ளை வாய் திறந்த பிறகே மற்றவர்களும் சொன்னார்கள்.

கடமை தவறுகிறவனும் குற்றவாளி என்பது நமக்குப் புதுசில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமையைத் தட்டிக்கழிக்கும் தலித், பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது. 2012 போக்சோ 21ஆம் பிரிவும் அப்படித்தான். தன் கீழே உள்ளவர் சிறாரிடம் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. 2013 சட்டம் விளையாட்டு மைதானத்தையும் பணியிடம் என்கிறது.

சட்டம் இருக்கு. கேட்கிற ஆள்தான் வேணும். புகாரை வாங்கியது யார்? எந்தத் தேதி? ரசீது எங்கே? சங்கத்துக்குச் சங்கம் போய்க் கேட்போம்.

அக்காவிடமும் சொல்லிட்டேன். இனிமேல் பிள்ளையை வேற சொல்லி அனுப்பு: ‘யாரும் தப்பா நடந்தா வந்து சொல்லு தாயி. ரசீது நாங்க வாங்குறோம்.’