அரளியும் நம் தோட்டமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நம் குடியிருப்பில் அரளி பூவாத வேலி அரிது. இவ்வூரார் கனேர் என்றழைக்கும் இச்செடி, நமக்கோ ஊர்க் கோயில் நந்தவனத்தை நினைவூட்டுவது. நீர் குறைந்தாலும் வாடாது, ஆடுமாடு மேயாது. நெடுஞ்சாலைகளின் நடுவே இதனை நட்டிருப்பதும் அதனாலன்றோ?

எனினும், ஆடு தீண்டாத காரணத்தை நாம் மறத்தலாகாது. இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு. இதயத் துடிப்பையே தடுமாறச் செய்வது. வேற்றினமாகிய மஞ்சளரளியின் கொட்டையோ மிகக் கொடியது. கீழே உதிரும் அக்காயைத்தான் குழந்தைகள் விளையாட்டுக்குப் பொறுக்குகின்றனர்!

2024-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கியது, பூசைக்கு விலக்கவில்லை. நாமும் அவ்வழியே நிற்போம்.

செடியை வெட்டி எறிய வேண்டுவதில்லை. குழந்தைகளுள்ள வீட்டில் மஞ்சளரளியை மட்டும் நடாதிருப்போம். கழித்த கிளையை அடுப்பிலிடலாகாது, புகையும் நஞ்சே. தெருவிலும் எறியலாகாது, பச்சையிலையை ஒதுக்கும் மாடு, காய்ந்த இலையைத் தின்றுவிடும். பூப்பறித்த கையைக் கழுவுவோம். தப்பித் தின்றவரை, நலமாகத் தோன்றினும், கைவைத்தியம் பாராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.

இறைவன் முடிக்குரிய மலர் நம் நாவுக்குரியதன்று. இதனை நம் பிள்ளைகளுக்குத் தமிழிலும், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தம் மொழியிலும் சொல்லுவோம்.