எதிர்க்கரைக்கு எவ்வளவு நேரம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ஜினீயரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் கணக்குதான் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

சென்னை மீனம்பாக்கமும் யாழ்ப்பாணம் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகையில் 3.2 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்று பெருக்கினால் 355 கி.மீ. அந்த நேர்க்கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், நம்ம காரைக்கால் கடற்கரைக்குச் சுமார் 30 கி.மீ. கிழக்கே கடல்மேல் போகும். அதாவது, காரைக்கால்காரர் 300 கி.மீ. வடக்கே பஸ்ஸில் போய், விமானம் ஏறி, சொந்த ஊரைத் தாண்டித் தெற்கே வரவேண்டும்!

இது புதுப் பாதையும் அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் பயணமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு போர் வந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபரில்.

2025-இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். "எதிர்க்கரைக்குப் போக எதுக்குடா மெட்ராஸ்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. காரைக்காலிலிருந்து பலாலி நேர்க்கோட்டில் 125 கி.மீ.தான், புதுச்சேரிக்குப் போகிற தூரம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு; 60 கடல் மைல், சுமார் நான்கு மணி நேரம். ஆனால் அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நல்லவேளை, அந்த மார்ச் 30-இல் திருச்சி - யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியிருந்தது.

திருச்சி - பலாலி 184 கி.மீ. ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். வகுத்தால் 22 நிமிடம். கால அட்டவணையிலோ ஒரு மணி நேரம்! ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. குறைந்த தூரத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான். கம்ப்யூட்டர் காட்டும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்பியது காலை ஐந்தரைக்கு. திருச்சிக்குக் காரில் நாலு மணி நேரம், விமான நிலையத்தில் சோதனை, காத்திருப்பு. பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கும்போது மணி இரண்டரை. 125 கி.மீ.க்கு ஒன்பது மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ., சைக்கிள் வேகம்தான் சார்! இருந்தும் போனது போனதுதான். அக்காவும் தங்கையும் நாலு நாள் வாய் ஓயாமல் பேசினார்கள்.

காரைக்காலுக்கே விமான நிலையம் வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எழுபது சொச்சம் சீட்டை தினமும் யார் நிரப்புவது? கப்பலே முதலில் காரைக்காலிலிருந்து என்றுதான் பேசினார்கள், பிறகு 2023-இல் நாகையிலிருந்து புறப்பட்டது. நாகை 20 கி.மீ.தான். கப்பல் நேரத்துக்குத் தகுந்தாற்போல் இங்கிருந்து ஒரு பஸ் விட்டாலே பாதிப் பேருக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகைக் கடல் சீற்றத்தில் கப்பல் நிற்கிறதே, அதற்கு என்ன வழி என்று சிவில் படிக்கிற தம்பிகள் யோசித்தால், அடுத்த சந்திப்பில் இந்த மேடையை அவர்களுக்கே விட்டுத் தருகிறேன்.