சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை



தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் 'ஃபோர் வீல்' வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெறும் வண்டியாய்ப் போனால் குடல் குலுங்கும். உர மூட்டைகளை ஏற்றினாலோ பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்விளக்கு மர உச்சியைப் பார்க்கும். இதற்கு மருந்தாக, சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரப்பர் காற்றுப்பையை மாட்டச் சொல்வோர் உண்டு. பழைய வண்டி ஒன்றை வாங்கி, குத்தகை வேலைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செலவன்று. ஆகவே காசை எடுக்குமுன் விவரத்தைத் தெரிந்துகொள்வோம்.

இரும்புச் சுருளின் பலம் செய்தபோதே முடிவாகிவிட்டது. எடை கூடினால் அது அமுங்கத்தான் செய்யும். காற்றுப்பை அப்படியன்று. நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பை 300 கிலோவைத் தாங்க, சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் வேண்டும். டயர்க்கடைக் கணக்கில் சுமார் 43 பவுண்டு. சுமை 600 கிலோ ஆனால் காற்றைச் சுமார் 85 பவுண்டுக்கு ஏற்றினால் போதும், வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும். சுமையை இறக்கியதும் காற்றைக் குறைத்துவிடலாம். இதுதான் இதன் பெருமை.

பெரிய கம்பெனிகளே இந்த வழிக்கு வந்ததுண்டு. 1970இல் சுருள் ஸ்பிரிங்கோடு வெளிவந்த ரேஞ்ச் ரோவர், 1992இல் காற்றுப்பைக்கு மாறியது. பிறகு காற்றுக் கசிவோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சுருளுக்கே திரும்பிய சொந்தக்காரர்களும் ஏராளம். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

முதலில் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். சுருள் ஸ்பிரிங் வண்டியில் அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பவை தனிக் கம்பிகள். ஸ்பிரிங் எடையை மட்டுமே சுமக்கிறது. அதனால் அதன் இடத்தில் பையை வைக்க முடிகிறது. பழைய லேண்ட் ரோவர்களில் இருக்கும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங் அப்படியில்லை. எடையைத் தாங்குவதும் அதுவே, அச்சைப் பிடித்திருப்பதும் அதுவே. அதைக் கழற்றினால் அச்சைப் பிடிக்க ஆளில்லை. அந்த வண்டிக்கு இந்த வேலை வேண்டாம்.

பைகளோடு கம்பிரஸர், காற்றுத் தொட்டி, வால்வு, குழாய், அழுத்தமானி எல்லாம் வேண்டும். அப்சார்பரைக் கழற்றக் கூடாது. பை எடையைத் தாங்குமே தவிர ஆட்டத்தை அடக்காது. இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். செலவை மிச்சம்பிடிக்க இரண்டையும் ஒன்றாய் இணைத்தால், வளைவில் திரும்பும்போது சுமை விழும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும். வண்டி இன்னும் சாயும். மலைச்சரிவுப் பாதையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

அமுங்கும்போது பை பக்கவாட்டில் புடைக்கும். புகைக்குழாயோ கூர்மையான இரும்போ அருகில் இருந்தால் பை நாளடைவில் பொத்தலாகும். நம் தோட்டங்களில் செம்பனை மட்டையின் முள் வேறு இருக்கிறது. ரப்பர் மடிப்பில் சேறும் மணலும் சேர்ந்தால் அரம்போல் அராவும். வண்டியை மிக உயரமாகத் தூக்கினால் பிரேக் குழாய் இழுபடும். சில வண்டிகளில் பின்பிரேக்கின் அளவை வண்டியின் உயரமே தீர்மானிக்கிறது. அதையும் சரிபார்க்க வேண்டும்.

இனி, இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருவரும் படுக்கக் கூடாது. குழாய் ஒன்று கழன்றால், அல்லது விளையாட்டாய் ஒரு பிள்ளை சுவிட்சை அழுத்திவிட்டால், நொடியில் வண்டி இறங்கிவிடும். நகர்ந்து வெளியேற நேரம் இராது. ஜாக்கி மட்டும் போதாது. சேசிஸுக்கு அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகே உள்ளே போகவேண்டும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதை அறிந்திருந்தால், அவசரப்படும் ஆண்களைத் தடுக்க ஓர் ஆளாவது இருக்கும்.

இன்னொன்று. பை வண்டியை நிமிர்த்தி நிறுத்துவதால் சுமை குறைந்துவிட்டதாக எண்ணக்கூடாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதாமே? வண்டிக்கு விதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் கூடாது.

என்னைக் கேட்டால், பெரும்பாலோருக்கு முழு மாற்றம் தேவையே இல்லை. பின்பக்கச் சுருளுக்கு உள்ளேயே பொருத்தும் சிறிய துணைப்பை விற்கிறது. டயருக்கு அடிப்பதுபோல் பம்பினாலேயே காற்றடிக்கலாம். அது வெடித்தாலும் சுருள் தாங்கிக்கொள்ளும்; வண்டி வீடு வந்து சேரும். எதைச் செய்வதானாலும், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்து விடுங்கள்.

பொருத்தியபின் காலையில் வண்டி எந்தப் பக்கமாவது சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடமே கசியும் இடம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஆகையால் தொட்டியின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய நீரை வாரம் ஒருமுறை வடித்துவிடுங்கள்.