நாய்களும் குழந்தைகளும் ஒரு டாலரும்



சர்க்கரை வியாதி என்றால் இன்று ஊசியும் மாத்திரையும் நம் நினைவுக்கு வருகின்றன. நூறாண்டுகளுக்கு முன் அது ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் மரண தண்டனைதான். டாக்டர்கள் கண்ட ஒரே வழி, பிள்ளையைப் பட்டினி போடுவது! அதனால் சாவு சில காலம் தள்ளிப் போகும், அவ்வளவே.

இந்த நிலையை மாற்ற வழி திறந்தவை நாய்கள். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தனர். நாய்க்குச் சர்க்கரை வியாதி கண்டது. வியாதியின் வேர் கணையத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே ஊறும் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் முப்பதாண்டுகள் பிடித்தன.

1921 கோடையில் டொராண்டோ சர்வகலாசாலையில், மக்லியாட் கொடுத்த இடத்தில், பாண்டிங் என்ற இளம் டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் வேலையைத் தொடங்கினர். நாய் மேல் நாயாகச் செத்தது. கணையம் இல்லாத ஒரு நாயை மட்டும் சாறு ஊசி போட்டுச் சுமார் 70 நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரி 11-ஆம் தேதி 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி. பலன் இல்லை, சாறு அசுத்தமாக இருந்தது. காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக அதைச் சுத்தப்படுத்தினார். 23-ஆம் தேதி மறுபடியும் போட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது, பையன் பிழைத்தான்!

பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் தங்கள் உரிமையை ஆளுக்கு ஒரே டாலருக்குச் சர்வகலாசாலையிடம் கொடுத்துவிட்டனர். ஆனால் நடந்ததென்ன? அமெரிக்காவில் 1990-களில் சுமார் 21 டாலருக்கு விற்ற ஒருவகை இன்சுலின் குப்பி, 2010-களின் இறுதியில் 275 டாலரை எட்டியது. விலைக்கு அஞ்சி அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதனால் இறந்தவர்களும் உண்டு. கூக்குரல் எழுந்த பின்பே, 2023-இல் கம்பெனிகள் விலையை இறக்கின.

இப்போது ஆராய்ச்சி இன்னொரு படி ஏறியிருக்கிறது. எந்த உறுப்பின் உயிரணுவாகவும் மாறவல்ல மூல உயிரணுவிலிருந்து இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களையே ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கிறார்கள். 2014-இல் ஹார்வர்டில் மெல்டன் குழுவினர் அவற்றை எலிகளுக்கு வைத்துப் பார்த்தனர்; எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மெல்டனின் பிள்ளைகள் இருவருக்கும் இதே வியாதி என்பதையும் சொல்ல வேண்டும். 2025-இல் வெளிவந்த முடிவின்படி, இத்தகைய உயிரணுக்களை ஈரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் முழு அளவு செலுத்திக்கொண்ட 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழிந்தபோது ஊசியே இல்லாமல் இருந்தனர்.

பன்னிரண்டே பேர்தான், அளவுக்கு மீறிக் கொண்டாட வேண்டாம். புது உயிரணுவை உடல் விரட்டாதிருக்க, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். அது தொற்றுநோய்க்குக் கதவைத் திறந்து வைப்பது போல. அந்த மருந்து தேவைப்படாத வழியைத் தேடித்தான் இன்று எலிகளிடமும் குரங்குகளிடமும் சோதனை நடக்கிறது.

ஆனால் இந்த முறை உரிமை ஒரு டாலருக்கு வரவில்லை. மெல்டன் தொடங்கிய கம்பெனியை 2019-இல் இன்னொரு கம்பெனி வாங்கியது. கொடுத்த விலை 95 கோடி டாலர்.